எர்த் பார்த்தியா தம்பி?

சிரிப்பு வாயு என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு. 1772-ல் ஜோசஃப் ப்ரீஸ்ட்லி தயாரித்தார். ஹம்ஃப்ரி டேவி அதைத் தானே முகர்ந்து பார்த்து, சிரித்து, 1800-ல் புத்தகமே எழுதிவிட்டார். 1844-ல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர், அதை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொல்லி, வலிக்கவில்லை என்று கண்டுகொண்டார்.

இதே வாயுவைக் காருக்கும் கொடுக்கலாம் என்பது 2003 வரை எனக்குத் தெரியாது. கொடுத்தால் கார் சிரிக்காது. பாயும். ஒயரிங் சரியில்லை என்றால் காரின் சொந்தக்காரர் அழுவார். அந்த அழுகைக்கு ஆறு கார் தூரத்தில் நான் நின்ற கதைதான் இது.

அப்போது டெட்ராய்ட் பக்கம் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். என் பக்கத்து சீட்டுக்காரர் ஓர் அமெரிக்கர். ஆறடி உயரம், நெஞ்சு வரை தாடி. அவர் பெயர் வேண்டாம். தாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் ஆபீஸ் காபி மெஷின் வேலை செய்யவில்லை. எல்லோரும் சுற்றி நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். நான் குனிந்து பிளக்கை அழுத்தினேன். காபி வந்தது. அன்றிலிருந்து தாடிக்காரர் பார்வையில் நான் பெரிய ஆள்.

"நீங்க எலக்ட்ரிகல் எஞ்சினியராமே?" என்றார். (இங்கிலீஷில்தான். அந்த மொழியில் நீ, நீங்கள் எல்லாம் ஒன்று. மரியாதையை நான்தான் அங்கங்கே கூட்டிக் குறைத்துத் தமிழில் தருகிறேன்.)

"ஆமாம்" என்றேன். பொய்யில்லை. சர்ட்டிபிகேட் இருக்கிறது. நாலு வருஷப் படிப்பில் நான் கையால் தொட்ட ஒயர், ஹாஸ்டல் ரூமில் திருட்டுத்தனமாகத் தண்ணி காய்ச்சிய ஹீட்டருடையது மட்டும்தான் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"என் காருக்கு நைட்ரஸ் வைக்கணும். மெக்கானிக் வேலை நான் பார்த்துக்கறேன். கண்ட்ரோலர் ஒயரிங்தான் பயமா இருக்கு. செய்து தர்றீங்களா?"

"அதுக்கென்ன!" என்றேன்.

தமிழ் நாட்டில் பிறந்தவன் வாயிலிருந்து யோசிக்காமல் வரும் வார்த்தைகள் இரண்டு. ஒன்று 'அதுக்கென்ன'. இன்னொன்று 'ஆச்சு'. இரண்டாவது வார்த்தைக்குப் பிறகு வருகிறேன்.

* * *

கார் 1989 மாடல் மஸ்டாங். 5 லிட்டர், 8 சிலிண்டர், 225 குதிரை சக்தி. தாடிக்காரரின் அப்பா கார் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையரானவர். அவர் புதிதாக வாங்கி, ஓட்டி, துடைத்து, கண் பார்வை மங்கியதும் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தது. நம் ஊரில் அம்மாவின் நகையைப் பெண்ணுக்குக் கொடுக்கிற மாதிரி. குளிர்காலம் பூராவும் தாடிக்காரர் கராஜில் உட்கார்ந்து எஞ்சினைச் சுற்றி இருந்த தகரத்துக்கெல்லாம் பளபளவென்று புது பெயிண்ட் அடித்திருந்தார். இந்த பெயிண்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வாயு என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் எவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம் என்பது உள்ளே எவ்வளவு ஆக்ஸிஜன் போகிறது என்பதைப் பொறுத்தது. காற்றில் எடைக் கணக்கில் 23 சதவிகிதம் ஆக்ஸிஜன். நைட்ரஸ் ஆக்ஸைடில் 36 சதவிகிதம். எஞ்சின் சூட்டில் அது உடைந்து ஆக்ஸிஜனைக் கொடுக்கிறது. போதாதற்குப் பாட்டிலில் திரவமாக இருப்பது வெளியே வந்ததும் மைனஸ் 88 டிகிரியில் கொதித்து ஆவியாகி, உள்ளே போகிற காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி. அதிலும் கொஞ்சம் கூடுதல் ஆக்ஸிஜன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் உயரத்தில் பறக்கிற விமானங்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்தபின் உலகத்திலுள்ள வாலிபர்கள் அத்தனை பேருக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. காருக்கென்று அங்கே விற்கிற வாயுவில், யாராவது முகர்ந்து பார்த்துச் சிரித்து வைக்கப் போகிறார்களே என்று கொஞ்சம் கந்தக டை ஆக்ஸைடு கலந்து நாற வைத்திருக்கிறார்கள்.

எங்கள் செட்டின் கணக்கு: 225 குதிரை கட்டிய லாயத்தில் இன்னும் 100 குதிரை. டிக்கியில் 10 பவுண்டு வாயு பிடிக்கிற பாட்டில். அங்கிருந்து முன்பக்கம் வரை கம்பி பின்னிய குழாய். முன்னால் இரண்டு சோலனாய்டு வால்வுகள். ஒன்று வாயுவுக்கு, ஒன்று பெட்ரோலுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். வாயு மட்டும் வந்து பெட்ரோல் வராவிட்டால், ஆக்ஸிஜன் ஏகப்பட்டது, எரிக்கச் சரக்கு கம்மி, சூடு தாறுமாறாக ஏறும். பிஸ்டன் அலுமினியம். அது உருக 660 டிகிரி போதும். ஒரு சில விநாடியில் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும்.

இதற்குக் காவலாக ஒரு சுவிட்சும் வைத்திருந்தோம். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயுவை நிறுத்திவிடும். ஆனால் அந்தக் காவல்காரர் பார்ப்பது குழாயில் பெட்ரோல் வந்து நிற்கிறதா என்றுதான். வால்வ் திறந்து அது உள்ளே போனதா என்று அவருக்குத் தெரியாது. கேட் வரைக்கும்தான் அவர் டியூட்டி.

கண்ட்ரோலர் எதற்கு? 100 குதிரையை ஒரே நொடியில் அவிழ்த்துவிட்டால் பின் டயர் புகைந்து சுற்றும், கார் நகராது. அதனால் முதலில் 30 சதவிகிதம், இரண்டு விநாடிக்குள் மெல்ல மெல்ல 100 சதவிகிதம். வால்வைப் பாதி திறக்க முடியாது. திறப்பு அல்லது மூடல் இரண்டுதான். எனவே கண்ட்ரோலர் அதை ஒரு விநாடிக்குள் பலமுறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அது மட்டுமல்ல, எஞ்சின் 3000 சுற்றுக்குக் கீழே இருந்தால் வாயு தராது. தந்தால் உள்ளே தேங்கி வெடிக்கும். மேலே 5500 தாண்டினால் நிறுத்திவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால்தான் ஆரம்பிக்கும். மொத்தத்தில் கண்டிப்பான கணக்குப்பிள்ளை.

* * *

மூன்று சனிக்கிழமை வேலை. என் மனைவி எலுமிச்சம்பழ சாதம் கட்டிக் கொடுப்பாள். முக்கால்வாசியைத் தாடிக்காரர் சாப்பிட்டுவிடுவார்.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று நம்பர் போட்டிருந்தது. ஏதோ பழைய தெருவின் கதவு எண் மாதிரி நடுவில் பல வீடுகளைக் காணோம். ஜெர்மன்காரர்கள் வைத்த முறை அது. 30 பாட்டரியிலிருந்து வருவது. 87 வேலை செய்யும் சாமானுக்குப் போவது. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. இதை மனப்பாடம் செய்து தாடிக்காரரிடம் ஒப்பித்தேன். அவர் தாடியைத் தடவி, "பிரமாதம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் முறை எல்லாம் மாட்டி, கராஜில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பாட்டிலை மூடியே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிகிறது, வால்வ் அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒயர் ஒயராகப் பிடித்துக்கொண்டு போனோம். கடைசியில் பார்த்தால், ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் தடிமனான கால்மிதி. முழுதாக மிதித்தாலும் பெடல் கால்மிதியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முழு மிதிக்கு வைத்த சுவிட்ச் அமுங்கவே இல்லை. கால்மிதியை எடுத்தோம். சுவிட்ச் 'க்ளிக்' என்றது.

அப்புறமும் வால்வ் திறக்கவில்லை. இந்தத் தடவை தப்பு என்னுடையது. கண்ட்ரோலரில் எத்தனை சிலிண்டர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 4 என்று வைத்திருந்தேன். எஞ்சினுக்கோ 8. ஒவ்வொரு சுற்றுக்கும் அதற்கு இரண்டு மடங்கு துடிப்பு போகிறது. எஞ்சின் 3000-ல் ஓடும்போது கண்ட்ரோலர் 6000 என்று நினைத்துக்கொண்டு 'அய்யோ, எல்லை தாண்டியாச்சு' என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 8 என்று மாற்றினேன்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, கண்ட்ரோலரின் 'டெஸ்ட்' பட்டனை அமுக்கினேன். டிக், டிக். இரண்டு வால்வும் ஒன்றன் பின் ஒன்றாகப் பேசின. தாடிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டதில் எனக்கு மூச்சு நின்று வந்தது.

பாட்டிலுக்கும் ஒரு ஹீட்டர் போர்த்தினோம். அதற்குள் 900 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இருந்தால்தான் சரியான அளவு வாயு வரும். (கார் டயரில் 30 இருக்கும்.) மிச்சிகன் குளிரில் அழுத்தம் இறங்கிவிடும். இதை வீட்டில் சொன்னபோது, "நம்ம பெட்ரூமுக்கு ஒரு ஹீட்டர் வாங்க மூணு மாசம் யோசிச்சீங்க. எவர் வீட்டு பாட்டிலுக்கோ ஒரே நாள்ல வாங்கியாச்சா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கடைசியாக ஒரு செக் லிஸ்ட் டைப் செய்தேன். மொத்தம் 22 ஐட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து டிக் அடித்தேன். 17-வது ஐட்டம்: 'பெட்ரோல் சோலனாய்டு எர்த்'.

இங்கேதான் விஷயம். செட்டோடு வந்த புத்தகத்தில், இரண்டு வால்வின் எர்த் ஒயரையும் பாட்டரி நெகட்டிவுக்கே கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். வாயு வால்வின் ஒயர் போய்ச் சேர்ந்தது. பெட்ரோல் வால்வின் ஒயர் நாலு அங்குலம் எட்டவில்லை. வேறு ஒயர் சேர்த்து ஒட்ட வேண்டும். மணி ராத்திரி ஒன்பது. பக்கத்தில் பாடியிலேயே ஒரு போல்ட் இருந்தது. பளபளவென்று புது பெயிண்ட் அடித்த தகரத்தில். அதில் மாட்டி முறுக்கிவிட்டேன். மீட்டரை வைத்தேன். 'பீப்' என்றது. டிக் அடித்தேன்.

* * *

வெள்ளிக்கிழமை ஓட்டம். வியாழன் ராத்திரி கடைசி ஒத்திகை. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன்.

டிக்.

காத்திருந்தேன். இன்னொரு டிக் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். டிக். அப்புறம் ஏதோ லேசாக முனகின மாதிரி ஒரு சத்தம். அதுவும் என் பிரமையோ என்னவோ.

தாடிக்காரர் உள்ளேயிருந்து கத்தினார். "எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு!" என்றேன்.

இதுதான் நான் சொன்ன இரண்டாவது வார்த்தை. இரண்டு வால்வும் ஒரே சமயத்தில் அடித்திருக்கும், அதனால் ஒரே டிக்காகக் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 22 ஐட்டமும் டிக் அடித்த பேப்பர் சட்டைப்பையில் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. பாலக்கரை பாய் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

1988-ல் நான் திருச்சியில் காலேஜ் செகண்ட் இயர். பெரியப்பாவின் அம்பாசடரில் வலது ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். 'பையன் எலக்ட்ரிகல் படிக்கிறான்' என்று பெரியப்பா என்னைப் பெருமையாகக் கூப்பிட்டார். காலேஜ் லேபிலிருந்து மீட்டர் கடன் வாங்கி வந்தேன். பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். 12 வோல்ட். கச்சிதம். 'பல்ப் போயிடுச்சு பெரியப்பா' என்று தீர்ப்பு சொல்லி, புது பல்ப் வாங்க வைத்தேன். அதுவும் அகல் விளக்காகத்தான் எரிந்தது.

பாலக்கரையில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த பாயிடம் போனோம். பாய் என் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து ஆணியில் மாட்டியிருந்தார். அதை எடுத்து, ஒரு முனையை பாட்டரியிலும் இன்னொரு முனையை மட்கார்டில் எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட்டிலும் வைத்தார். பல்பின் இழை லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான்.

"எர்த் பார்த்தியா தம்பி?"

"பார்த்தேன் பாய். மீட்டர்ல 12 காட்டுதே!"

பாய் சிரித்தார். போல்ட்டைக் கழற்றினார். அடியில் ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டி, பல்பை வைத்தார். கண் கூசியது.

"மீட்டரு சும்மா நலம் விசாரிக்கிற சொந்தக்காரன் தம்பி. 'சௌக்கியமா?'ன்னா எல்லாவனும் சௌக்கியம்னுதான் சொல்லுவான். பல்பு, கடன் கேக்குற சொந்தக்காரன். அவன் கேட்டாத்தான் உன் வீட்ல காசு இருக்கா இல்லையான்னு தெரியும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் புரபஸரும் எனக்குச் சொல்லவில்லை. டிஜிட்டல் மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் இத்துனூண்டு. அந்தக் கரண்ட்டுக்குத் துருவும் பெயிண்ட்டும் தடையில்லை; மறையின் ஒரு மூலை உரசிக்கொண்டிருந்தால்கூடப் போதும், முழு 12 வோல்ட் காட்டிவிடும். ஒரு ஹெட்லைட்டுக்கு வேண்டியது 5 ஆம்பியர். சோலனாய்டுக்குப் பத்துக்கு மேல். அவ்வளவு கரண்ட் கேட்கும்போதுதான் அந்த உரசல் கைவிரிக்கும். வோல்ட் எல்லாம் வழியிலேயே செலவாகிவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தெரிந்துவிட்டது. பெயிண்ட்.

காலையில் ஆபீஸில் தாடிக்காரரிடம் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். அவர் எல்லோரிடமும் என்னைக் காட்டி, 'இவர்தான் ஒயரிங்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

* * *

டெட்ராய்ட்டுக்குத் தென்மேற்கே மிலன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓட்டப் பாதை. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோடு. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவில் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழாக எரிந்து கடைசியில் பச்சை. அதற்குப் பெயர் கிறிஸ்துமஸ் மரம். இதையெல்லாம் ரோட்டில் செய்யக் கூடாது என்பதற்காகவே இப்படி இடங்கள் இருக்கின்றன. அப்பாக்கள், அம்மாக்கள், குழந்தைகள், சுண்டலுக்குப் பதிலாக ஹாட் டாக். நம் ஊர் தேர்த் திருவிழா மாதிரிதான். தேர் மட்டும் கொஞ்சம் வேகம்.

தாடிக்காரரின் அப்பாவும் வந்திருந்தார். மடக்கு நாற்காலி, தொப்பி, காலடியில் நசுங்கிப்போன டூல் பாக்ஸ். அதிகம் பேசமாட்டார்.

முதல் ஓட்டம் வாயு இல்லாமல். 14.8 விநாடி. இரண்டாவது ஓட்டத்துக்குத் தாடிக்காரர் பாட்டிலைத் திறந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். முன்னால் ஆறு கார். நான் ஜன்னல் பக்கம் நடந்தேன். அப்பாவும் நாற்காலியோடு கூடவே வந்தார்.

"எல்லாம் பார்த்தாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆச்சு" என்றேன். சட்டைப்பையிலிருந்து பேப்பரை எடுத்தும் காட்டினேன்.

அவர் பேப்பரைக் கிட்டத்தில் வைத்து, தூரத்தில் வைத்து, படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தார். "எதை வச்சுப் பார்த்தே?"

இத்தனைக்கும் அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ முதுகில் வேர்த்துவிட்டது. பாயும் அவரும் ஒரே ஸ்கூலில் படித்தவர்களோ?

வரிசை நகர்ந்தது. முன்னால் ஐந்து கார். எஞ்சினில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். பிறகு, பணம் கொடுத்துவிடலாம், இந்தக் கிழவர் 1989-ல் வாங்கிய எஞ்சினை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது என்று தோன்றியது. நாலு கார்.

ஜன்னலைத் தட்டினேன்.

"வெளியே எடுங்க. வரிசையை விட்டு வெளியே எடுங்க."

"ஏன்?"

"பெட்ரோல் வால்வ் திறக்குமான்னு எனக்குத் தெரியாது."

"நேத்து ஆச்சுன்னீங்களே?"

"சொன்னேன். ஒரு டிக்தான் கேட்டுது. சொல்ல வெட்கமா இருந்தது."

தாடிக்காரர் ஒன்றும் பேசவில்லை. காரை வெளியே எடுத்தார். பாட்டிலை மூடினார். பானெட்டைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அந்த இரண்டடி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஒரு பல்ப் வேணும். ரெண்டு ஒயரோட" என்றேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா குனிந்து டூல் பாக்ஸைத் திறந்தார். அடித்தட்டில் கையைவிட்டு எடுத்து நீட்டினார். பழைய ஹெட்லைட் பல்ப். பின்னால் பற்றவைத்த இரண்டு ஒயர். சத்தியமாகச் சொல்கிறேன், பாலக்கரையில் ஆணியில் தொங்கியதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். இதில் ஒயர் கொஞ்சம் நீளம்.

ஒரு முனை பாட்டரியில். ஒரு முனை என் போல்ட்டில். இழை லேசாகச் சிவந்தது. அதே இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட். சௌக்கியம், சௌக்கியம் என்றது அது.

அப்பா எட்டிப் பார்த்தார். "பெயிண்ட்" என்றார்.

பிறகு பத்து நிமிஷ வேலை. நாலு அங்குலத்துக்காக நான் சோம்பேறித்தனப்பட்ட ஒயரை ஓர் அடி நீட்டி, புத்தகத்தில் சொன்னபடி பாட்டரி நெகட்டிவுக்கே கொண்டு போனோம். பல்ப் பளிச்சென்று எரிந்தது. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, டெஸ்ட் பட்டனை அப்பாவையே அமுக்கச் சொன்னேன்.

டிக். டிக்.

ஃப்யூஸை மாட்டி, பாட்டிலைத் திறந்து, வரிசையின் கடைசிக்குப் போய் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த முக்கால் மணி நேரமும் தாடிக்காரர் என்னோடு பேசவில்லை. பச்சை விழுந்தது. மூன்றாவது நொடியில் எஞ்சின் சத்தமே வேறாக மாறியது. 13.5 விநாடி. கால் மைலில் ஒன்றே கால் விநாடிக்கு மேல் குறைவது சாதாரணமில்லை. அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அதுதான் அவர் கைதட்டல் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். என் மேஜை மேல் ஒரு பேப்பர். அதே 22 ஐட்டம். தாடிக்காரர் புதிதாக டைப் செய்திருந்தார். டிக் அடிக்கிற கட்டம் இல்லை. அதற்குப் பதில் இரண்டு பத்தி. 'யார் பார்த்தது?' 'எதை வைத்து?'

பேப்பரின் கீழே பேனாவால், சனிக்கிழமை வருகிறேனா, எலுமிச்சம்பழ சாதம் உண்டா என்று கேட்டிருந்தார். எனக்கு மூச்சு வந்தது.

* * *

அந்தப் பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன். சென்னைக்குத் திரும்பி வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது ஆபீஸில் என் கீழே பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். கெட்டிக்காரர்கள். எதைக் கேட்டாலும் "ஆச்சு சார்" என்பார்கள். ப்ரோக்ராம் எழுதியாச்சா? ஆச்சு சார். டெஸ்ட் பண்ணியாச்சா? ஆச்சு சார். அவர்கள் பொய் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஆள் உபயோகித்துப் பார்த்து, 'பீப்' என்று வந்ததும் டிக் அடித்திருப்பார்கள். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்து நின்றால்தான் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருப்பது தெரியும்.

அதனால் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்.

"மீட்டரா, பல்பா?"

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் முழிப்பார்கள். பழைய ஆட்கள் அவர்களைக் காபிக்கு அழைத்துப்போய்க் கதையைச் சொல்லிவிடுவார்கள். (என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'பல்ப் சார்' என்று பெயர் என்பதும் தெரியும்.) அதற்குப் பிறகு சில பேர், 'ஆச்சு' என்று சொல்ல வாயைத் திறந்து, மூடி, "நாளைக்குச் சொல்றேன் சார்" என்று போய்விடுகிறார்கள். அந்த 'நாளைக்குச் சொல்றேன்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். வியாழக்கிழமை ராத்திரி நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

ஒரே கஷ்டம், இந்தக் கதையை வீட்டிலும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"கேஸ் மூடியாச்சா?" என்றாள் மனைவி.

"ஆச்சு" என்றேன், பக்கத்தைத் திருப்பியபடி.

"மீட்டரா, பல்பா?"

எழுந்து சமையலறைக்குப் போனேன்.